வானம் வெளித்துவிட்டால் பனிமலை ஏறலாமா? பனிச்சரிவு ஆபத்தை மதிப்பிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பனிச்சரிவைப் பற்றி எழுதினால் சிலருக்குச் சிரிப்பு வரும். பேரில் மட்டும் மலை உள்ள கீரிமலையை விட்டால் குடாநாட்டில் மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுவிஸ், நோர்வே, கனடா என்று ஏதாவது ஒரு பக்கத்தில் சொந்தக்காரர் இல்லாத வீடும் இங்கே குறைவு. கலியாணம் கட்டிப் போகிறவர்கள், படிக்கப் போகிறவர்கள், மகளின் பிள்ளைப்பேற்றுக்கு விசிட் விசாவில் போய் மூன்று மாதம் நிற்கிற அம்மாமார் அப்பாமார், எல்லோரையும் அங்குள்ளவர்கள் போன கையோடு காரில் ஏற்றி மலை பார்க்கக் கொண்டுபோகிறார்கள். "இண்டைக்கு வெதர் நல்லா இருக்கு, வெளிக்கிடுங்கோ" என்பதுதான் அழைப்பு. வெதர் நல்லாக இருப்பதற்கும் மலை நல்லாக இருப்பதற்கும் சம்பந்தம் குறைவு என்பது அழைக்கிறவருக்கே பல வேளை தெரியாது.

எங்கள் ஊர்ப் பழக்கத்தில் ஆபத்து மேகத்தோடு வந்து மேகத்தோடு போய்விடும். கார்த்திகையில் தாழமுக்கம் வந்தால் குருநகரிலும் மயிலிட்டியிலும் படகுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள், வானம் வெளித்துக் கடல் அடங்கியதும் திரும்ப இறக்குவார்கள். பனிமலையில் இந்தக் கணக்குப் பிழைத்துப் போகும். மழைத் தண்ணீர் ஓடிவிடும். விழுந்த பனி அங்கேயேதான் கிடக்கும். போன கிழமை விழுந்தது, அதற்கு முதல் மாதம் விழுந்தது, மாரி தொடங்கியபோது விழுந்தது என்று படை படையாக அடுக்கி இருக்கும், அந்த அடுக்கில் எது எதோடு ஒட்டவில்லை என்பதை வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. புயல் முடிந்து முதல் வெயில் எறிக்கிற நாள்தான் விபத்துகளுக்குப் பேர்போன நாள். பனி இன்னும் இறுகியிருக்காது, சனம் முழுக்க மலைக்குப் போயிருக்கும்.

நான் சுவிஸில் ஒரு மலைக்கிராமத்து ஹோட்டல் குசினியில் வேலை செய்த காலத்தில் அங்குள்ளவர்களிடம் கேட்டறிந்ததும் பிறகு தேடிப் படித்ததும்தான் இதில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நேரே மலைக்குப் போகலாம் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். எந்த நாளில் எந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று முடிவெடுக்க இது உதவும்.

சரிவது எப்படி

படங்களில் காட்டுகிறமாதிரி யாரோ ஒருவர் கத்தியதும் மலையே இடிந்து வராது. சத்தத்தால் பனிச்சரிவு கிளம்புவதில்லை. ஆளைக் கொல்வது பெரும்பாலும் பலகைச் சரிவு. மேலே ஓரளவு இறுகிய ஒரு படை இருக்கும், அதற்குக் கீழே ஒட்டாத, பலவீனமான இன்னொரு படை, சில வேளை ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கூட இல்லாதது. மேலே ஆள் ஏறி மிதித்ததும் அந்தப் பலவீனமான படை அந்த இடத்தில் நொருங்கும். நொருங்கல் பக்கவாட்டில் கண்மூடித் திறக்க முதல் ஓடிப் பரவும். சாய்வு போதுமானதாக இருந்தால் மேற்படை முழுவதும் பெரிய பலகையாகப் பிரிந்து, நீங்கள் அதன் மேல் நிற்கும்போதே கீழே போகத் தொடங்கும்.

பனிச்சரிவில் அகப்படுகிறவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர், தாங்களோ தங்களோடு வந்தவரோ மிதித்துக் கிளப்பிய சரிவில்தான் அகப்படுகிறார்கள். இடத்தையும் நாளையும் தெரிந்தெடுப்பதில்தான் பாதுகாப்பு முக்கால்வாசியும் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டாம்.

குளிரும் வெளித்த வானமும் செய்கிற வேலை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

புதுப் பனி விழுந்ததும் தன் பாரத்திலேயே அமரும், துகள்கள் ஒன்றோடொன்று பிடித்து இறுகும். வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் இது பல வேளை ஓரிரு நாளில் நடந்துவிடும். -15, -20 செல்சியஸ் என்று இறங்கினால் அந்த வேலை மிக மெதுவாகத்தான் நடக்கும். அதாவது கடுங்குளிர் பனியை உறுதியாக்கும் என்று நாங்கள் நினைப்பதற்கு மாறாக, அது ஆபத்தை அப்படியே பழுதாகாமல் வைத்திருக்கும். புயல் முடிந்து மூன்று நாளாகிவிட்டதே என்று ஒருவர் சொன்னால், அந்த மூன்று நாளும் எவ்வளவு குளிராக இருந்தது என்று கேளுங்கள்.

இரண்டாவது, குளிர் புதிதாகவே பலவீனத்தை உண்டாக்கும். பனிக்கு அடியில் நிலம் பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கும். மேலே வானம் வெளித்த இரவில் பனியின் மேற்பரப்புத் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு, காற்றைவிடப் பல பாகை கூடுதலாகக் குளிர்ந்துபோகும். அடி பூச்சியம், மேல் -20, நடுவில் வெறும் அரை மீற்றர் பனி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சென்ரிமீற்றருக்கு 1 பாகைக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே நீராவி கீழிருந்து மேலே நகரத் தொடங்கி, துகள்களின் உருவத்தை மாற்றிவிடும். இங்கே 10 சென்ரிமீற்றருக்கு 4 பாகை. சில நாளில் உருண்டையான துகள்கள் கோணல் கோணலான பளிங்குகளாகிவிடும். கையில் அள்ளினால் உருண்டை பிடிபடாது, சீனி மாதிரி விரலிடுக்கால் கொட்டும். மார்கழியில் கொஞ்சப் பனி விழுந்து, பிறகு இரண்டு மூன்று கிழமை வானம் வெளித்துக் குளிராக இருந்தால் அடியிலுள்ள படை முழுவதும் இப்படி ஆகிவிடும். தையில் அதற்கு மேல் ஒரு மீற்றர் பனி விழும்போது அத்திவாரமே இல்லாமல் வீடு எழும்பிவிடுகிறது. பனி குறைவான வருடம் ஆபத்தும் குறைவு என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மெல்லிய பனிப்படையில்தான் இந்த வியாதி கூட.

மூன்றாவது, எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது, மேற்பரப்பு உறைபனி. தை மாசியில் நுவரெலியாவில் காற்றில்லாத, வானம் வெளித்த இரவு கழிந்து விடியும்போது புல்லும் தேயிலைக் கொழுந்தும் வெள்ளையாக உறைந்து கிடக்கும், பத்திரிகைகளிலும் படம் வரும். அதே சங்கதிதான் பனியின் மேலும் நடக்கிறது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த பனியின் மேல் நேரடியாகப் பளிங்காகப் படியும். ஒரு சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ வளர்ந்து, இறகு இறகாக நிமிர்ந்து நிற்கும், வெயில் பட்டால் மினுங்கும். நடக்கும்போது மெல்லிய கண்ணாடி நொருங்குகிற சத்தம் கேட்கும். எல்லோரும் கமராவை எடுப்பார்கள். மேலே கிடக்கும்வரை அதால் ஒரு கேடும் இல்லை. ஆனால் காற்றோ வெயிலோ அதை அழிக்க முதல், அடுத்த பனி மெதுவாக அதன் மேல் விழுந்து மூடிவிட்டால், ஊசிக்கால்களில் நிற்கிற ஒரு தளம் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். அது கிழமைக்கணக்கில் அப்படியே இருக்கும். கனடாவின் மேற்கு மலைகளில் இது பெரிய தலையிடி. அங்கே முன்னறிவிப்புச் செய்கிறவர்கள் அந்தப் படைகளுக்கு அவை மூடப்பட்ட திகதியையே பெயராக வைத்து, மாரி முடியும்வரை கண்காணிப்பார்கள். ஆகவே அழகாக மினுங்குகிற பனியைக் கண்டால் படம் எடுங்கள், கூடவே இடத்தையும் திகதியையும் குறித்துவையுங்கள். அடுத்த பனிவீழ்ச்சிக்குப் பிறகு அந்தக் குறிப்புக்குப் பெறுமதி வரும்.

இனிக் காற்று. வானம் நீலமாக இருக்கும்போதும் மேலே முகட்டில் காற்று அடித்துக்கொண்டிருக்கலாம். முகட்டிலிருந்து வெள்ளைப் புகை பறப்பதுபோலத் தெரிந்தால் அது பனி இடம்மாறுவது. காற்றடிக்கிற பக்கத்தைச் சுரண்டி, மறைவான பக்கத்தில் குவித்துவிடும். ஒரு பொட்டுப் பனி விழாத நாளிலும் மறைவுப் பக்கத்தில் சில மணித்தியாலத்தில் புதுப் பலகை உருவாகிவிடும், கடுங்குளிரில் அந்தப் பலகை இலகுவில் முறியும்.

ஒரு விஷயம் குழப்பக்கூடாது. இதெல்லாம் மாரிக்காலக் கதை. பங்குனி சித்திரையில் பகல் வெயிலில் பனி ஈரமாகி இளகும்போது, வானம் வெளித்த இரவு நன்மைதான் செய்யும். மேற்பரப்பு உறைந்து இறுகி, காலையில் நடக்கப் பாதுகாப்பாக இருக்கும், மத்தியானத்துக்குள் திரும்பிவிடவேண்டும். அந்தக் காலத்தில் இரவு முகில் மூடியிருந்தால்தான் பனி உறையாமல் விடிகாலையிலேயே ஆபத்தாக இருக்கும். வசந்தகாலத்தில் மலையேறிப் பழகியவர் சொல்வதை நடுமாரியில் அப்படியே எடுக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

வெளிக்கிட முதல், வீட்டில் இருந்தே

முதல் படி அறிக்கை படிப்பது. சுவிஸில் தாவோஸில் உள்ள எஸ்.எல்.எப் என்ற பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் மாரிகாலத்தில் தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிக்கை வெளியிடுகிறது. டொச், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் நாலிலும் வரும், வைட் ரிஸ்க் என்ற அவர்களுடைய செயலியிலும் பார்க்கலாம். நோர்வேயில் வார்சொம், கனடாவில் அவலாஞ்ச் கனடா. எல்லாம் இலவசம். இங்கிருந்தே பார்க்கலாம் என்பதுதான் முக்கியம். சுவிஸ் மாலை அறிக்கை வரும்போது மாரிகாலத்தில் எங்களுக்கு இரவு ஒன்பதரை. மாசியில் போகப் போகிறீர்கள் என்றால் மார்கழியிலிருந்தே சாப்பிட்டுவிட்டு ஒருக்கால் பார்த்துவிட்டுப் படுங்கள். போய் இறங்கும்போது, அடியிலுள்ள படை எப்படி, எப்போது பனி விழுந்தது, எத்தனை நாள் வானம் வெளித்துக் கிடந்தது என்பதெல்லாம் அங்கேயே இருக்கிற பலரைவிட உங்களுக்குக் கூடத் தெரிந்திருக்கும்.

ஆபத்து 5 மட்டங்கள்: 1 குறைவு, 2 மிதம், 3 கணிசம், 4 அதிகம், 5 மிக அதிகம். எங்கள் ஆட்கள் செய்கிற பிழை 3 என்றால் நடு என்று எடுப்பது. ஐந்துக்கு மூன்று, பரவாயில்லை, பாஸ் என்று நினைக்கிறார்கள். மட்டம் ஒன்றால் கூடும்போது ஆபத்து ஒரு படியால் கூடுவதில்லை, மடங்காகப் பெருகுகிறது. கூடுதலானவர்கள் இறப்பது 3 ஆம் மட்ட நாட்களில்தான். 4, 5 என்றால் எல்லோரும் பயந்து வீட்டில் நிற்பார்கள்; 3 இல் வெயிலும் எறித்தால் போய்விடுவார்கள்.

இலக்கத்தோடு நிறுத்தாமல் கீழே எழுதியிருப்பதையும் படிக்கவேண்டும். எந்தத் திசை பார்த்த சாய்வுகள், எத்தனை மீற்றர் உயரத்துக்கு மேல், என்ன மாதிரிப் பிரச்சினை, புதுப் பனியா, காற்றுக் கொண்டுவந்த பனியா, பழைய பனிக்குள் பலவீனமான படையா? கடைசியில் சொன்னது இருந்தால் புதியவர்கள் மலையிலே நின்று அதைக் கண்டுபிடிக்கவே முடியாது, மேலே ஒரு அடையாளமும் இருக்காது. அந்த நாளில் செங்குத்தான இடங்களை அடியோடு விட்டுவிடுவதுதான் ஒரே வழி. வட அரைக்கோளத்தில் வடக்குப் பார்த்த சாய்வுகளுக்கு மாரியில் வெயில் படாது, குளிர் உருவாக்கின பலவீனம் அங்கேதான் நீண்டகாலம் கிடக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சாய்வை அளக்கப் பழகுங்கள்

கொடிய பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்விலிருந்து கிளம்புகின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி பெரிதாகத் தங்குவதில்லை, 30 க்குக் குறைந்த இடத்தில் கிளம்புவது அபூர்வம். இந்த ஒரு எண்ணைத் தெரிந்துவைத்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

தட்டை நிலத்தில் வளர்ந்த எங்களுக்குச் சாய்வு மட்டிட வராது. 25 பாகையைப் பார்த்து செங்குத்து என்போம், பழகியபிறகு 38 ஐப் பார்த்துச் சாதாரணம் என்போம். இதற்குப் பயிற்சி யாழ்ப்பாணத்திலேயே செய்யலாம். கைத்தொலைபேசியில் சாய்வு அளக்கிற வசதி இருக்கும், இல்லாவிட்டால் ஒரு செயலியை இறக்குங்கள். மேல்மாடிப் படிக்கட்டின் விளிம்புகளுக்கு மேல் ஒரு நேரான பலகையை வைத்து, அதன் மேல் போனை வைத்துப் பாருங்கள். வீட்டுப் படிக்கட்டுகள் பெரும்பாலும் 30 முதல் 37 பாகைக்குள் நிற்கும். தினமும் ஏறி இறங்குகிற அந்தச் சாய்வுதான் ஆளை மூடுகிற சாய்வு. ஓட்டுக்கூரையையும் தூரத்தில் நின்று மட்டிட்டு, பிறகு அளந்து பாருங்கள். ஒரு கிழமை இப்படி விளையாடினால் கண் பழகிவிடும்.

அங்கே போனதும் வரைபடம் இன்னும் இலகு. சுவிஸ் அரசின் இணைய வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளுக்கு நிறம் போட்டுக் காட்டுகிற அடுக்கு ஒன்று இருக்கிறது: 30 முதல் மஞ்சள், 35 முதல் செம்மஞ்சள், 40 முதல் சிவப்பு. வேர்னர் முன்ரர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி புதியவர்களுக்காகச் சொன்ன எளிய விதி ஒன்றுண்டு. மட்டம் 2 என்றால் 40 பாகைக்குக் கீழே நில், 3 என்றால் 35 க்குக் கீழே, 4 என்றால் 30 க்குக் கீழே. அளக்கவேண்டியது நீங்கள் நிற்கிற இடத்தை மட்டுமல்ல, அந்தச் சாய்வின் செங்குத்தான பகுதியை. முதல் முறை போகிறவருக்கு என் புத்திமதி இன்னும் இறுக்கமானது: 2 ஆனாலும் 3 ஆனாலும் 30 ஐத் தாண்டவேண்டாம், 4 என்றால் குறிபோட்ட பாதையை விட்டு வெளியே போகவே வேண்டாம்.

தட்டையான இடத்தில் நின்றால் போதும் என்றும் இல்லை. 2003 பெப்ரவரி 1 ஆம் திகதி கனடாவில் ரோஜர்ஸ் பாஸ் பக்கத்தில் பள்ளத்தாக்கின் அடியில் போய்க்கொண்டிருந்த பாடசாலைக் குழு ஒன்றின் மேல், உயரே தானாகக் கிளம்பின சரிவு வந்து விழுந்து ஏழு மாணவர்கள் இறந்தார்கள். அன்று அந்த இடத்து மேல்மலையில் மட்டம் 3. ஆகவே நீங்கள் நிற்கிற இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஒடுங்கின ஓடை, பள்ளம், தெருவுக்காக வெட்டின கரை போன்ற இடங்களில் சின்னச் சரிவு வந்தாலும் பனி ஆழமாகக் குவிந்து மூடிவிடும். ரொறன்ரோவிலிருந்து பான்ஃப் பக்கம் கார்ப் பயணம் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: பனிச்சரிவுப் பகுதி, நிறுத்தாதே என்று பலகை போட்ட தெருவில் படம் எடுக்க இறங்கி நிற்காதீர்கள்.

அங்கே போய் நின்றதும்

கார் தரிப்பிடத்திலிருந்தே பார்வை தொடங்கவேண்டும். எதிரே உள்ள மலைகளில் புதிதாகச் சரிந்த தழும்பு தெரிகிறதா? மேலே நேர்கோட்டில் வெட்டின மாதிரி ஒரு விளிம்பும் கீழே கட்டி கட்டியாகப் பனியும் கிடந்தால், அதே திசை பார்த்த, அதே உயரத்துச் சாய்வுகள் எல்லாம் அன்றைக்குச் சந்தேகத்துக்குரியவை.

நடக்கும்போது காலடியில் "வூம்" என்று அமுங்கின சத்தம் கேட்டால், கூடவே நிலம் ஒரு சொட்டு இறங்கினதுபோல உணர்ந்தால், பலவீனமான படை அந்த இடத்தில் நொருங்கிவிட்டது என்று அர்த்தம். காலடியிலிருந்து பனியில் வெடிப்பு ஓடினாலும் அதேதான். இவற்றில் ஒன்று வந்தாலே யோசிக்க ஒன்றுமில்லை, வந்த தடத்திலேயே திரும்பி, சாய்வு குறைந்த இடத்துக்குப் போங்கள். தட்டையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டால்கூட, பக்கத்திலுள்ள செங்குத்துச் சாய்வு தூரத்திலிருந்தே கிளம்பலாம்.

புதுப் பனி எவ்வளவு விழுந்தால் ஆபத்து என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பலத்த காற்று, கடுங்குளிர், இறுகின பழைய மேற்பரப்பு என்று எல்லாம் எதிராக இருந்தால் 10 முதல் 20 சென்ரிமீற்றரே போதும். நடுத்தரமாக இருந்தால் 20 முதல் 30. காற்றில்லாமல், பூச்சியத்தை அண்டி இதமாக விழுந்தால் 30 முதல் 50 வரை தாங்கும். குளிர் இந்தக் கணக்கை எங்கே தள்ளுகிறது என்று பாருங்கள்.

பனியில் குழி வெட்டி, 30 சென்ரிமீற்றர் சதுரத் தூண் ஒன்றை விட்டு, மேலே மண்வெட்டியை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டிப் பார்க்கிற சோதனையை காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். ஒருவரோடு சேர்ந்து செய்துபார்க்கலாம், படைகளை நேரில் காணவும் விரலால் தொடவும் நல்ல வழி. ஆனால் தூண் நிற்கிறது, ஆகவே போகலாம் என்று முடிவெடுக்கக் கூடாது. பத்து மீற்றர் தள்ளி வேறு கதை இருக்கலாம்.

முன்னால் போனவர்களின் தடமும் அப்படித்தான். பத்துப் பேர் போன சாய்வில் பதினோராவது ஆள் பனி மெல்லிசான ஒரு இடத்தில் கால் வைத்து முழுச் சாய்வையும் கிளப்பலாம். சந்தேகமான இடத்தைக் கடந்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொருவராகப் போங்கள், மற்றவர்கள் ஒதுக்கான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்கவேண்டும்.

சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது

பனியைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களும் செத்திருக்கிறார்கள். இயன் மக்கமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பழைய விபத்துகளை ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்றவர்கள்கூடத் தெரிந்த இடம், மற்றவர் போகிறார், ஒருமுறை முடிவெடுத்துவிட்டோம், கூட வந்தவர் அனுபவசாலி என்ற எண்ணங்களால் கண்முன்னே இருந்த அடையாளங்களைக் கவனிக்காமல் விட்டதைக் காட்டினார். எங்கள் ஆட்களுக்கு இதோடு இன்னொன்றும் சேரும். சித்தப்பா லீவு போட்டு, பெற்றோல் அடித்து, ரிக்கெட் எடுத்துக் கூட்டிவந்திருக்கிறார். வந்து இரண்டு கிழமையான நான் எப்படி வேண்டாம் என்பது? பெரியவரை மறித்துப் பேசிப் பழக்கமும் இல்லை.

முதல் நாள் இரவே கதைத்துவிடுங்கள், இது சாப்பாட்டு மேசையில் இலகு, மலையில் கஷ்டம். "சித்தப்பா, நாளைக்கு மட்டம் 3 எண்டு போட்டிருக்கு. நாங்கள் அந்தப் பிங்க் பலகை போட்ட பாதையாலயே போவமே?" என்றால் யாருக்கும் மனம் நோகாது. சுவிஸில் பிங்க் நிறப் பலகை போட்ட மாரிகால நடைபாதைகள் உண்டு, ஆபத்தென்றால் மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் மூடினதுதான், கயிற்றுக்குக் கீழால் குனிந்து போகக்கூடாது. பனிச்சப்பாத்துப் பாதைகளும் அதே நிறத்தில்தான் இருக்கும், ஆனால் அவற்றை அதேயளவு பராமரிப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். திறந்திருக்கிற ஸ்கி பாதைகளில் பனிச்சரிவைக் கண்காணிக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதன் ஓரத்துக் கம்பத்தைத் தாண்டி ஐந்து மீற்றர் போனாலே கண்காணிப்பு முடிந்தது.

மலையில் ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்புவது என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது. அந்த ஒருவர் வயதில் இளையவராக இருந்தாலும்.

கையில் இருக்கவேண்டியவை

குறிபோட்ட பாதையை விட்டுப் போகிற ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் இருக்கவேண்டும்: 457 கிலோஹேர்ட்ஸில் வேலை செய்கிற தேடு கருவி (மூடப்பட்டவரின் கருவி அனுப்புகிற சிக்னலை மற்றவர்களின் கருவி பிடிக்கும்), 240 சென்ரிமீற்றருக்குக் குறையாத மடிப்புக் குத்துக்கம்பி, உலோக மண்வெட்டி. ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டுக்கும் பலனில்லை. கருவி காட்டும், கம்பி உறுதிப்படுத்தும், மண்வெட்டி எடுக்கும். சரிந்த பனி நின்ற மாத்திரத்தில் இறுகிவிடும், கையால் தோண்டலாம் என்பது பகல்கனவு.

கடுங்குளிரில் பற்றரி வேகமாக இறங்கும். தேடு கருவிக்குத் தயாரிப்பாளர் சொன்ன பற்றரியைத்தான் போடவேண்டும், உடம்போடு ஒட்டி உள்ளுடுப்புக்கு மேல் கட்டவேண்டும். போனைக் கருவியிலிருந்து 20 சென்ரிமீற்றராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50. சூடாக்குகிற கையுறைகூடக் கருவியைக் குழப்பும். வாடகைக்கு எடுத்தால் கடையிலேயே போட்டுப் பார்த்து, புல்வெளியில் ஒன்றை ஒளித்துத் தேடிப் பழகுங்கள். கனடாவில் ஏ.எஸ்.ரி 1 என்ற இரண்டு நாள் பயிற்சி இருக்கிறது, சுவிஸில் அல்பைன் கழகம் நடத்துகிறது. மகனுக்கு ஐபோன் வாங்கிக் கொடுக்கிற காசில் ஒரு பங்கு கூட வராது.

யாராவது மூடப்பட்டால்

2016 பெப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் பனிச்சரிவில் புதையுண்டதும், ஹனுமந்தப்பா என்ற வீரரை ஆறு நாளுக்குப் பிறகு உயிரோடு எடுத்ததும் எங்கள் பத்திரிகைகளிலும் பெரிதாக வந்தது. அதை வைத்து, ஆறு நாள் தாங்கலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம். அது அபூர்வத்திலும் அபூர்வம், அவரும் சில நாளில் இறந்துபோனார். முழுதாக மூடப்பட்டவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்கிற வாய்ப்பு மிக நல்லது. அதற்குப் பிறகு சடாரென்று விழும், அரை மணித்தியாலத்தில் பெரும்பாலானோர் மூச்சடைத்து இறந்துவிடுவார்கள். ஹெலிகொப்டர் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே காப்பாற்றப்போவது கூட நிற்கிறவர்கள்தான்.

அகப்பட்டவர் நீங்கள் என்றால் கத்துங்கள், ஓரத்துக்குப் போகப் பாருங்கள், ஸ்கி தடிகளை விட்டுவிடுங்கள், பனிக்கு மேலேயே இருக்கப் போராடுங்கள். வேகம் குறையும்போது இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து மூச்சுக்கு ஒரு இடைவெளி பிடியுங்கள். நின்றபிறகு கை அசையாது.

வெளியே நிற்கிறவர் நீங்கள் என்றால், அவரைக் கடைசியாகக் கண்ட இடத்தை விட்டுக் கண்ணெடுக்காதீர்கள். இன்னொரு சரிவு வருமா என்று ஒருக்கால் மேலே பாருங்கள். எல்லோரும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றவேண்டும், மறந்துபோய் ஒருவர் அனுப்பும் நிலையில் விட்டால் மற்றவர்கள் அவரையே தேடிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று பேர் என்றால் ஒருவர் உடனே போன் அடிக்க, மற்றவர்கள் தேடத் தொடங்கலாம்; தனியாள் என்றால், சிக்னல் இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் தேடத் தொடங்குங்கள். குத்துக்கம்பி ஆளில் பட்டால் அதை இழுக்காமல் அப்படியே விட்டு, சாய்வின் கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள். முதலில் முகம், வாய்க்குள் பனி இருந்தால் எடுத்துவிடுங்கள், பிறகு நெஞ்சு.

சுவிஸில் ரேகா மீட்புச் சேவையின் இலக்கம் 1414. ஐரோப்பா முழுக்க 112, நோர்வேயிலும் அதுதான். கனடாவில் 911, ஆனால் அங்கே மலைக்குள் பல இடங்களில் சிக்னலே இருக்காது, செய்மதித் தொடர்புக் கருவி இல்லாமல் உள்ளே போகவேண்டாம். அழைத்ததும் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், போன் வரைபடத்தில் காட்டுகிற ஆள்கூற்று எண்களை வாசித்தால் போதும். பிறகு எத்தனை பேர் மூடப்பட்டிருக்கிறார்கள், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் தேடுகிறீர்கள், அங்கே காற்றும் வெளிச்சமும் எப்படி என்று சொல்லுங்கள். டொச்சோ பிரெஞ்சோ வராவிட்டால் தயங்காமல் தெரிந்த ஆங்கிலத்தில் பேசுங்கள், அவர்களாக வைக்கச் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.